பின்வாசல் இல்லாத வீடு

உள்ளே வாருங்கள். செருப்பை வெளியே விடாதீர்கள், கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வாசலில் கிடக்கிற அந்த ஆம்பளைச் செருப்பு யாருடையதும் இல்லை. பிளாட்பாரத்தில் வாங்கினது. தினம் காலையில் திசை மாற்றி வைப்பேன். ஒரே மாதிரி கிடந்தால் போட ஆள் இல்லை என்று தெரிந்துவிடும், பாருங்கள்.

கேட்டைப் பூட்டிக்கொள்கிறேன், பயப்படாதீர்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஆச்சு. உட்காருங்கள்.

ஆப்பில் பார்த்துத்தானே வந்தீர்கள்? படத்தில் ஹால் பெரிதாகத் தெரியும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஓனர் சிங்கப்பூரில் இருக்கிறார். நான் காலி செய்கிறவரை வருகிறவர்களுக்குக் காட்டச் சொல்லியிருக்கிறார். ஹால் இது, சமையல்கட்டு அது. படுக்கையறையில் பாப்பா தூங்குகிறாள், எழுந்ததும் காட்டுகிறேன். கதவு புதுசு. கதவுக்கு மேலே சிமெண்ட் பூசின இடம் தெரிகிறதில்லையா, அதற்கு ஒரு கதை இருக்கிறது.

என்ன கேட்டீர்கள்? புரோக்கர் வைத்துப் பார்ப்பதா, ஆப்பிலேயே பார்த்துக்கொள்வதா என்றா? சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். புரோக்கர் வேண்டவே வேண்டாம். செத்தாலும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். நர்ஸ் என்றீர்களே, டியூட்டி எத்தனை மணிக்கு? அப்படியென்றால் நேரம் இருக்கிறது.

எனக்குத் திண்டுக்கல். பிறந்தது அங்கே இல்லை, கட்டிக்கொடுத்தது அங்கே. வீட்டுக்காரர் பேர் அலோசியஸ். பூட்டுப் பட்டறை வைத்திருக்கிறார். கைத்தொழிலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மாங்காய்ப் பூட்டு, பெட்டிப் பூட்டு, எதைக் கொடுத்தாலும் காதில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுக் கம்பியை விடுவார், திறந்துகொள்ளும். கல்யாணமான புதிதில் அதைக் கைதட்டிப் பார்த்தவள்தான் நான்.

அடிப்பார். இதைத் தொட்டுப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள், நீங்கள்தான் நர்ஸ் ஆயிற்றே. தோள் எலும்பு. ஒட்டினது மேடாக நிற்கிறது, இல்லையா? அது பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டுக் காய்ச்சலில் அழுத நாள். சோறு குழைந்ததற்கு ஒரு தடவை. அம்மா வீட்டுக்குப் போன் பேசியதற்கு ஒரு தடவை. எதற்கும் இல்லாமல் நிறைய தடவை. நான் பொறுத்துக்கொண்டேன். கான்வென்ட்டில் படித்த பிள்ளை, எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லை.

ஒருநாள் மொட்டைமாடியில் பாப்பாவை ஒற்றைக் காலில் பிடித்துக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டார். "சொல்லு, இனிமே உங்கம்மா வீட்டுக்குப் போவியா?" பாப்பா சிரித்தது. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது. கவுன் முகத்தில் விழுந்து மூடிக்கொண்டது, உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. நான் போகமாட்டேன், போகமாட்டேன், போகமாட்டேன் என்று சொன்னேன். மறுநாள் அவர் பட்டறைக்குப் போனதும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு திருச்சி பஸ் ஏறிவிட்டேன்.

சிம்மைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். புது நம்பர் வாங்கினேன். அந்த நம்பரை யாருக்கும் கொடுப்பதில்லை என்று அன்றைக்கு எடுத்த முடிவு. அம்மாவுக்குக்கூடக் கொடுக்கவில்லை. ஆப்பில் போட்டேன், அது ஒரு ஆளா? ஓனர் கடல் தாண்டி இருக்கிறார். அவ்வளவுதான்.

இங்கே வந்து முதலில் புரோக்கரிடம்தான் போனேன். டீக்கடையில் விசாரித்தால் கோவிந்தராசு என்று ஒருவரைக் காட்டினார்கள். மஞ்சள் பை நிறையச் சாவி வைத்திருப்பான். ஒவ்வொன்றிலும் அட்டை கட்டி, அட்டையில் தெருப்பேர் எழுதி. பார்த்த உடனே கேள்வி.

"சொந்த ஊரு எதும்மா?"

"திண்டுக்கல்."

"சார் என்ன பண்றாரு?"

"கப்பல்ல இருக்காரு."

"எந்தக் கப்பலு?"

"பெரிய கப்பல்."

பக்கத்தில் துணி தேய்க்கிறவன் சிரித்துவிட்டான். "அண்ணே, பெரிய கப்பலாம்ல, எழுதிக்கங்க." எனக்கு முகமெல்லாம் எரிந்தது. புரோக்கர் சிரிக்கவில்லை. என் தோளைப் பார்த்தான், பாப்பாவைப் பார்த்தான். "சரி தங்கச்சி, கெளம்புங்க, வீடு காட்டுறேன்" என்றான்.

அவர்கள் வீடு காட்டுகிற முறையே தனி. தெருவில் நம்மை முன்னால் விட்டு இவன் பின்னால் வருவான். எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் ஒரு வார்த்தை. மளிகைக்கடையில் நின்று, "திண்டுக்கல் பார்ட்டி, புள்ளையோட வந்திருக்காங்க, பாத்துக்கங்க." பால்காரரிடம், "புது வீடு, ஒரு அரை லிட்டர் சேத்துக்கங்க." குடி வருவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் ஒளிய வந்தவள்.

அவன் காட்டிய வீட்டில் கீழே ஓய்வுபெற்ற ஏட்டு குடியிருந்தார், மேலே வாடகைக்கு. சமையல்கட்டுப் பக்கம் ஒரு கதவு, அதைத் திறந்தால் ஏட்டு வீட்டுக் கொல்லைக்கு இறங்குகிற படி. அந்தக் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிக் காட்டினான். "வீடுன்னா மொதல்ல வாசலத்தான் பாக்கணும் தங்கச்சி. ஒனக்குப் பின்வாசல் இருக்கற வீடுதான் சரிப்படும்."

எனக்குச் சுருக்கென்றது. எனக்கு எதற்குப் பின்வாசல்? குடும்பப் பெண்ணைப் பார்த்து அவன் சொன்ன வார்த்தையைக் கேட்டீர்களா? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே ஆப்பில் இந்த வீட்டைப் பார்த்தேன். எவ்வளவு கௌரவம், தெரியுமா? ஊர் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை, வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கவில்லை. ஓடிபி வந்தது, போட்டேன். ஓனர் வீடியோ காலில் வந்தார், பணம் அனுப்பினேன், பெட்டிக்கடையில் சாவி கொடுத்து வைத்திருந்தார்கள். கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது, பக்கத்தில் காலி மனை. ஒரே வாசல். யாரும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. நாலு பூட்டு வாங்கி கிரில் கேட்டில் மாட்டினேன். நாலும் திண்டுக்கல் பூட்டுத்தான், அதுதானே உழைக்கும்.

புரோக்கர் ஒருநாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். "ஏந் தங்கச்சி, இந்த வீட்டுக்கா வந்தே? ஒரு சத்தம் போட்டா கேக்க நாதியில்லியே இங்க." கமிஷன் போன வயிற்றெரிச்சல். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

வெளியே எங்கேயும் போகமாட்டேன். வேலையும் வீட்டிலிருந்தேதான், டேட்டா என்ட்ரி. நாள் முழுக்க யாருடைய படிவத்தையோ நிரப்பிக்கொண்டிருப்பேன். கோயிலுக்கு மட்டும் போவேன். அதுகூட இல்லாவிட்டால் மனுஷி எப்படி இருப்பது? அடைக்கல மாதா கோயில், இங்கிருந்து பத்து நிமிஷ நடை. நீங்கள் வேதக்காரர் இல்லை என்று நினைக்கிறேன். எங்களுக்கு ஒரு ஊருக்குக் குடிபோனால் அந்தப் பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், பதிந்துகொள்ள வேண்டும். குடும்ப அட்டை என்று ஒன்று தருவார்கள். நாலைந்து தெருவுக்கு ஓர் அன்பியம், கூடி ஜெபம் சொல்கிற குழு. எந்த அன்பியம், எந்தத் தெரு, யார் யார் பிறந்த நாள் என்றைக்கு, கல்யாண நாள் என்றைக்கு, எல்லாம் அதில் இருக்கும். நல்ல பழக்கம். அந்தந்த நாளில் பூசையில் பேர் வாசித்து ஜெபிப்பார்கள். காலையிலேயே குடும்பத்துக்குப் போனில் வாழ்த்து அனுப்புவார்கள், அன்பியம், தெரு எல்லாம் போட்டு. எங்கள் அன்பியத்து மெர்சி அக்கா ஒருநாள் தன் போனில் வந்ததைக் காட்டினார், ரோஜாப்பூ படத்தோடு.

அட்டையில் பொய் எழுத முடியுமா? எங்கள் கான்வென்ட் சிஸ்டர் மார்ட்டினா சொல்வார்கள், படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாதே, காலியாக விட்ட கட்டத்தில் சாத்தான் எழுதுவான் என்று. குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம். அவர் பேரை எழுதினேன். வேறு யார் பேரை எழுதுவது? தனியாக இருக்கிறேன் என்று எழுதினால் அன்பியத்தில் என்ன பேசுவார்கள்? செல் எண் என்று ஒரு கட்டம். அங்கேதான் யோசித்தேன். என் நம்பரை எழுதினால் அது எத்தனை கைக்குப் போகுமோ, யாருக்குத் தெரியும்? அதனால் அவர் நம்பரையே எழுதிவிட்டேன். மனப்பாடமாகத் தெரிந்த நம்பர். கோயிலில் இருந்து அவருக்குப் போனா பண்ணப் போகிறார்கள்? அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் நான்.

அப்புறம் கல்யாண நாள் வந்தது. நாலாவது வருஷம்.

அன்று காலை ஆறு மணிப் பூசையில் பேர் வாசித்தார்கள். "மூன்றாவது குறுக்குத் தெரு, அலோசியஸ் – பெனிட்டா குடும்பம்." எனக்குக் கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, என்ன செய்ய. மெர்சி அக்கா வெளியே கையைப் பிடித்துக்கொண்டு, "கப்பல்ல இருக்கற தம்பிக்கும் வாழ்த்து சொல்லிருடி" என்றார். சொல்கிறேன் அக்கா என்றேன்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். பாப்பாவுக்குக் குக்கர் சோறு ஆகாது, வடித்துத்தான் போடுவேன். மணி பத்து இருக்கும். அரிசி வெந்து தளதளவென்று கொதிக்கிறது. கேட்டில் டிக் என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து கேட்ட சத்தம்.

"பெனி." மெதுவாகத்தான் கூப்பிட்டார். "கல்யாண நாள் வாழ்த்துகள்."

டிக். இரண்டாவது பூட்டு.

"திண்டுக்கல்காரனுக்கே திண்டுக்கல் பூட்டு போடுறியா? கூறு இருக்காடி?"

டிக்.

பாப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மரக்கதவுக்குத் தாழ் போட்டு முதுகைக் கொடுத்து நின்றேன். ஜன்னலில் போய்க் கத்தலாம் என்றால் கேட்க யார் இருக்கிறார்கள்? காலி மனையில் ஒரு மாடு நின்றது. ஓடலாம் என்றால் எந்தப் பக்கம் ஓடுவது? நாலாவது பூட்டும் திறந்தது. பிறகு உதை. முதல் உதையிலேயே மேல்கீல் சுவரோடு வந்துவிட்டது, சிமெண்ட் என் தலையில் கொட்டியது. இரண்டாவது உதையில் கதவும் நானும் சேர்ந்து ஹாலில் விழுந்தோம்.

கதவு மேலேயே ஏறி நடந்து வந்தார். நான் அடியில் கிடக்கிறேன்.

முடியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாரு. கோயில்லருந்து வாழ்த்து வருது. தெருப்பேரு போட்டு, ரோஜாப்பூ போட்டு வருது. ஊரே வாழ்த்துது, பொண்டாட்டிக்கு மட்டும் மனசு வரல." எந்தக் கோயில், என்ன ரோஜாப்பூ? குடித்தால் அவர் சம்பந்தமில்லாமல் ஏதாவது பேசுவார். "மாடியில காயுற மஞ்சக் கவுனு நான் வாங்கிக் குடுத்ததுடி. எம்புள்ள கவுன எனக்குத் தெரியாதா?" அதையும் சொன்னார். அப்புறம் அந்த சுவிட்ச்போர்டில் என் தலையை மோதினார். ஒருதரம், இரண்டு தரம். மூன்றாவதில் பல் இரண்டு போனது. இதோ, இந்தப் பக்கம். வாயெல்லாம் உப்புக் கரிக்கிறது. அவர் என்னை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டார். பாப்பாவின் கால் வெளியே வந்தது. அதே கால். அதே மாதிரிப் பிடி.

அப்போதுதான் வாசலில் பார்த்தேன். புரோக்கர் நிற்கிறான்! மூச்சு வாங்கிக்கொண்டு, மஞ்சள் பையோடு.

எனக்கு அந்த நிமிஷம் எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற மனுஷருக்கு இந்தத் தெரு எப்படித் தெரியும்? இந்தக் கோடிவீடு எப்படித் தெரியும்? திண்டுக்கல் பார்ட்டி, திண்டுக்கல் பார்ட்டி என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் யார்? கமிஷன் போன ஆத்திரம் யாருக்கு? பிற்பாடு விசாரித்தால் டீக்கடைக்காரரும் அதைத்தான் சொன்னார், அலோசியஸ் அங்கே வந்து, ஒரு பொண்ணும் குழந்தையும் எங்கே என்று கேட்டாராம். புரோக்கர் அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக்கொடுத்துப் பத்து நிமிஷம் பேசிக்கொண்டே இருந்தானாம். அப்படி யாரும் இங்கே இல்லை, நாலு தெரு தள்ளிப் போய்ப் பாருங்க என்று கைகாட்டி அனுப்பினானாம். அவர் அந்தப் பக்கம் போகவில்லை என்று பிறகுதான் தெரிந்து இங்கே ஓடிவந்தானாம். நான் நம்புவேனா? டீ வாங்கிக் கொடுத்திருக்கிறான், கேட்டீர்களா? எனக்கு ஒரு நாள் வாங்கிக் கொடுத்ததில்லை.

சரி. வாசலில் நின்றவன், "டேய், புள்ளைய விடுடா" என்று கத்திக்கொண்டு பாய்ந்தான். சாவிப்பையால் அவர் மண்டையில் அடித்தான். சாவிகளெல்லாம் ஹால் பூரா சிதறி ஓடின. அவர் திரும்பி இவன் வயிற்றில் உதைத்தார். இவன் விழவில்லை. இரண்டு பேரும் பாப்பாவை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். பாப்பா இப்போது சிரிக்கவில்லை.

எனக்குள் என்ன வந்தது என்று தெரியவில்லை. எழுந்து சமையல்கட்டுக்கு ஓடினேன். கைத்துணி எடுக்கவில்லை, வெறுங்கையால் உலைப்பானையைத் தூக்கினேன். உள்ளங்கையைப் பாருங்கள். திரும்பி வந்தால் பாப்பா புரோக்கர் கையில். நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறான். என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறான்! அவர் பின்னாலிருந்து இவன் காதைக் கடித்துக்கொண்டிருக்கிறார். நான் பானையை ஓங்கினதைப் பார்த்ததும் புரோக்கர் சுவர்ப் பக்கம் திரும்பி, பாப்பாவை வயிற்றுக்குள் அமுக்கிக்கொண்டு குனிந்துவிட்டான். முதுகைக் காட்டினான்.

ஊற்றினேன்.

யார் மேல் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன். புரோக்கர் மேல். கழுத்திலிருந்து இடுப்பு வரை. சோறும் கஞ்சியுமாக. அவன் கத்தின கத்து இன்னும் இந்தச் சுவரில் இருக்கிறது, நீங்கள் குடிவந்தால் கேட்பீர்கள். சட்டையை உரித்தபோது தோலும் சேர்ந்து வந்ததாம். ஆனால் பாருங்கள், பாப்பா மேல் ஒரு சொட்டு விழவில்லை. ஒரே ஒரு சொட்டுக்கூட இல்லை! மாதா காப்பாற்றினாள், வேறு என்ன?

அவருக்குக் காலில் கொஞ்சம் பட்டுவிட்டது. நொண்டிக்கொண்டே படி இறங்கினார். கீழே தேய்ப்புக்காரன் வண்டியை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடி வருகிறான். அவனைத் தள்ளிவிட்டு, தெருவில் நின்று அண்ணாந்து சொன்னார். "அடுத்த தடவ புள்ளையத் தூக்கிட்டுத்தான் போவேன். நீ உசுரோட இருக்க மாட்ட." சொன்னால் செய்கிற மனுஷர். எனக்குத் தெரியும்.

போலீசுக்குப் போகவில்லை. பேரெல்லாம் வெளியே வரும். புரோக்கரும் கேஸ் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டீக்கடை பாய்லர் கவிழ்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். பாருங்கள், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது எவ்வளவு உண்மை! தப்பு செய்யாதவன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? அவன் பெண்சாதி வேறு வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "தாயி, அந்தப் பின்வாசல் வீடு இன்னும் காலியாத்தான் இருக்காம். ஏட்டய்யாகிட்டப் பேசிட்டாராம். கமிஷனெல்லாம் வேணாமாம். குப்புறப் படுத்துக்கிட்டு இதையேதான் சொல்லிக்கிட்டிருக்காரு" என்றாள். புருஷன் தோல் உரிந்து கிடக்கிறான், அப்போதும் வீடு பிடித்துக் கொடுக்கிற புத்தி! அவள் முகத்துக்கு நேரே பூட்டினேன். நாலு பூட்டும்.

வரும்போது கீழே தேய்ப்பு வண்டி பார்த்தீர்களா? அன்றிலிருந்து டீக்கடையை விட்டுவிட்டு நம் கேட்டுக்கு நேரே நிறுத்தியிருக்கிறான். பகல் பூரா அங்கேயேதான். இங்கே எவன் துணி தேய்க்கப் போகிறான்? என்னை வேவு பார்க்கப் புரோக்கர் வைத்திருக்கிறான்.

அதனால்தான் சொல்கிறேன், ஆப்பிலேயே பாருங்கள். நானும் அடுத்த வீட்டை ஆப்பில்தான் பிடித்தேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளை மறுநாள் காலை, புதன்கிழமை, வண்டி வருகிறது. அவருக்குக் கால் ஆறுவதற்குள் போய்விடுவேன். மாடி வீடு, ஒரே வாசல், அக்கம்பக்கம் யாரும் இல்லை. இந்தத் தடவை ஒரு ஜீவனுக்குத் தெரியாது.

கோயிலில் மட்டும் சொல்லியிருக்கிறேன். அதற்கும் நான் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. இங்கே ஆபீஸில் புது விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, குடும்ப அட்டையை அப்படியே அந்தப் பங்குக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு கட்டத்தையும் திரும்ப நிரப்பச் சொல்லவில்லை. அங்கேயும் நல்ல பங்குதானாம், வாழ்த்தெல்லாம் தவறாமல் அனுப்புவார்களாம். வெள்ளிக்கிழமை பாப்பாவுக்கு மூன்று வயசு முடிகிறது. போன மூன்றாம் நாளே பூசையில் அவள் பேரை வாசிப்பார்கள். அந்த மஞ்சள் கவுனைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

ஏங்க, எதற்கு எழுந்துவிட்டீர்கள்? வீடு பிடிக்கவில்லையா? படுக்கையறையை இன்னும் பார்க்கவில்லையே. முகமெல்லாம் வெளுத்துப்போய்... தண்ணீர் கொண்டுவரட்டுமா?

என்ன கேட்டீர்கள்? வாழ்த்து யாருடைய நம்பருக்குப் போகும் என்றா?

அதுதான் சொன்னேனே. என் நம்பரை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.